அசுரன் எந்தப் பக்கமாகப் போவான்?

சிரிப்பு வரும். கண்டிப்பாக வரும். ஆலங்கரை ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல் போனவர்கள் ஈறு தெரிய, பிள்ளைத்தாய்ச்சிகள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு சிரிப்பு இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆனால் அது இப்போது வராது, கேட்டாலும் வராது, ‘எங்கே எங்கே’ என்று பறந்தால் இன்னும் தாமதமாக வரும். ஏனென்றால் சிரிக்கப்படப் போகிறவர் பெரிய மிராசு சபாநாயகம். பெரிய மனுஷரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் முதலில் முறைப்படி அவருக்குக் கிரீடம் வைக்க வேண்டும், தொப்பையில் பட்டுக் கச்சை கட்ட வேண்டும், முகத்துக்கு முத்துவெள்ளை பூச வேண்டும், கையில் அட்டைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

பெரிய மிராசு பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். க்ஹும், க்ஹும். பிறகு ‘அதாகப்பட்டது’ என்பார். அந்த ‘அதாகப்பட்டது’ வாயிலிருந்து கிளம்பித் தெருக்கோடி போய்ச் சேருவதற்குள் வண்டிக்காரன் வண்டியை நிறுத்துவான், கணக்குப்பிள்ளை தாண்டவன் தோள் துண்டை இடுப்பில் கட்டுவான், கொல்லையில் சாணி அள்ளுகிறவன் சாணியோடு நிற்பான். தன் குரலைத் தானே கேட்பதில் பெரிய மிராசுக்கு அத்தனை ருசி. அந்தக் குரலை அவரைவிட நன்றாகச் செருமக்கூடிய ஒரு தொண்டை அதே ஊரில், ஆற்றுக்கு அந்தண்டை, சேரியில் சடையனின் குடிசையில் இருந்தது என்பது மட்டும் அவருக்கு வெகுநாள் தெரியாது. சடையனின் மகள் அங்காயிக்கு அப்போது பதினைந்து வயது. நாற்று நடும்போது அவள் கோயில் பட்டர் குரலில் ஆசீர்வாதம் பண்ணுவாள், தாண்டவன் குரலில் குனிந்து குழைவாள், கடைசியில் இரண்டு தடவை செருமுவாள். வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்கள் பயந்து நிமிர்வார்கள், யாரும் இல்லையென்று கண்டு சேற்றிலேயே உட்கார்ந்து சிரிப்பார்கள். (இது அந்தச் சிரிப்பு இல்லை.)

படங்கள் இன்னும் வாய் திறந்து பேசாத காலம். பட்டணத்திலிருந்து மூன்று கால் வைத்த பெட்டியோடு ராஜுலு என்பவர் வந்து இறங்கினார். படக் கம்பெனி என்றால் அவர்தான் கம்பெனி, அவர்தான் முதலாளி, அவர்தான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிறவர். ஆலங்கரைக் கோயிலின் குளத்தங்கரை மண்டபத்தில் பெருமாள் அசுரனைச் சம்ஹாரம் பண்ணுகிற படம் எடுக்க வேண்டும் என்றார். தந்திரத்தை விளக்கினார்: “பெருமாள் சக்கரத்தை விடுவார். நான் சுத்துறதை நிறுத்திடுவேன். எல்லாரும் கல்லு மாதிரி அப்படியே நிக்கணும். அசுரன் மட்டும் மெல்ல வெளியில போயிடுவான். மறுபடி சுத்துவேன். திரையில பாக்கிறவனுக்கு இமைக்கிற நேரத்துல அசுரன் மாயம்! அவ்வளவுதான் விஷயம்.”

பெருமாள் வேஷத்துக்கு ராஜுலு ஒரு நாடகக்காரனை அழைத்து வந்திருந்தார். பெரிய மிராசு செருமினார். “அதாகப்பட்டது, நம்ம ஊர் மண்டபத்துல நின்னு ஊர் பேர் தெரியாத கூத்தாடிக்கு ஊரே கையெடுத்துக் கும்பிடணுமாக்கும்?” நாடகக்காரன் மத்தியான வண்டியிலேயே பட்டணம் திரும்பினான், பெருமாள் கிரீடம் பெரிய மிராசு தலைக்கே வந்தது. லட்சுமி வேஷத்துக்குப் பெண்பிள்ளை யாரும் வரமாட்டாள் என்பதால் தாண்டவன் மீசையை மழித்துக்கொண்டு மூக்குத்தி ஒட்டிக்கொண்டான். அசுரனை ராஜுலு தானே கண்டுபிடித்தார். வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நின்ற சடையனைக் கைகாட்டினார். அப்புறம் அந்தக் கறுப்பின் மேல் விளக்கெண்ணெய் குழைத்த கரியை ஒரு கை அப்பச் சொன்னார்.

“ஏற்கெனவே இருக்கிற நிறம் பத்தலியாம் புள்ள, என் மேலயே என்னைப் பூசறாங்க” என்றான் சடையன், தலையில் பனமட்டைக் கொம்பைச் சுமந்துகொண்டு.

அங்காயி ராஜுலு குரலில் சொன்னாள்: “அசுரனா இருந்தா மட்டும் பத்தாதுடா, அசுரன் மாதிரித் தெரியணும்.”

சேரிக்காரன் கால் பட்டிராத மண்டபம் அது. ஒரு நாளைக்கு மட்டும், படத்துக்காக மட்டும், அதுவும் சாணி தெளித்துக் கழுவிவிடுவதாகச் சொல்லி, பட்டர் அரைமனசாகச் சம்மதித்தார். சடையனை முன்பக்கமாக ஏற்றி நிறுத்தினார்கள். பிறகு பெட்டி வந்து முன்பக்கத்தில் உட்கார்ந்தது, பெட்டிக்குப் பின்னால் பெரிய மிராசு வீட்டுப் பெண்டுகள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். பெருமாள் சக்கரத்தை விட்டார். ராஜுலு நிறுத்தினார். “யாரும் அசையாதீங்க! அசுரன் வெளியில போ!”

சடையன் போகத்தான் பார்த்தான். இடது பக்கம் இறங்கினால் சன்னதித் தெரு, அதில் அவன் நடக்கக் கூடாது. வலது பக்கம் இறங்கினால் குளம், அதை அவன் தொடக் கூடாது. பின்னால் கோயில் மதில். முன்னால் பெண்டுகள்.

“எந்தப் பக்கமாப் போறது ஆண்டே?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பட்டர் யோசித்தார், தாண்டவன் லட்சுமியின் மூக்குத்தி ஆட யோசித்தான், ஜமக்காளத்தை எடுத்து வழி விடலாமா, விட்டால் அவன் நிழல் விழுமா, நிழல் விழுந்தால் பெண்டுகள் குளிக்க வேண்டுமா, குளித்தால் வேளை தப்புமா என்று பேச்சு வளர்ந்தது. சூரியன் தென்னைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. சக்கரம் விட்ட கையைத் தூக்கியபடியே நின்ற பெரிய மிராசுக்குத் தோள் இற்றுப்போயிற்று. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“க்ஹும், க்ஹும். அதாகப்பட்டது, அவன் நின்னா என்னய்யா இப்ப? நாம என்ன அவனைப் பாத்துக்கிட்டா இருக்கோம்? எதிரே ஒருத்தருமில்ல, சுத்துய்யா!”

அது உண்மைதான். அத்தனை பேரும் சடையன் நின்ற இடத்தைப் பார்த்தார்கள், பிறந்ததிலிருந்து பார்த்த மாதிரியே, அவனைத் துளைத்து அவனுக்குப் பின்னாலிருந்த தூணைப் பார்த்தார்கள். ராஜுலு சுற்றினார். தூண் மட்டும் இருந்தது.

“அப்பா?” என்று கரையிலிருந்து அங்காயி கூப்பிட்டாள்.

“இங்கதான் இருக்கேன் புள்ள” என்றது தூணுக்கு முன்னாலிருந்த காற்று.

யாரும் பதறவில்லை. ராஜுலு பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, காட்சி சுத்தமாக வந்ததாகச் சொன்னார். பெரிய மிராசு கிரீடத்தைக் கழற்றி மோர் கேட்டார். மண்டபத்தைக் கழுவுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பெரிய விவகாரம்: தீட்டுக்காரன் வெளியே போகவில்லை, ஆனால் உள்ளேயும் இல்லை. பட்டர் இரண்டு வெற்றிலை மெல்லுகிற நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாதது தீட்டாகாது என்று தீர்ப்புச் சொன்னார். ஊருக்கு மனசு லேசாயிற்று. மறுநாள் யாரோ, அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டுமே, கழுத்தில் மணி கட்டலாமே என்றார்கள். நன்றாகத்தான் பட்டது. அப்புறம் பட்டரே, மணி கேட்டால் அவன் இருக்கிறான் என்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் தீட்டு, தீட்டென்றால் தலை முழுக வேண்டும், மணி கேட்காவிட்டால் ஒன்றுமேயில்லை என்று எடுத்துச் சொன்னார். மணியை மாட்டுக்கே கட்டிவிட்டார்கள்.

சடையன் எப்போதும் போல வேலைக்கு வந்தான். வரப்பில் மண்வெட்டி தானாக எழுந்து தானாக இறங்கியது. அறுவடையில் நெற்கட்டு வயலிலிருந்து கிளம்பி, ஆள் உயரத்தில் மிதந்து, களத்தில் வந்து இறங்கியது. வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் பெரிய மிராசு அதைக் காட்டினார்: “நம்ம நெல்லு பாருங்க, தானா நடந்து வரும்.” நெல் தூற்றும்போது தூசி பறந்து ஒரு ஆளின் தோளிலும் தலையிலும் படிந்து, தூசியாலான மனிதன் ஒருவன் களத்தின் நடுவே நிற்பான். அப்போது எல்லாரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மழையிலும் அப்படித்தான். அங்காயி மட்டும் மழை வந்தால் ஓடிவந்து எதிரே நிற்பாள், அப்பன் முகத்தில் நீர் வழிகிற வழியைப் பார்த்து மூக்கு இருக்கிறதா, கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வாள்.

படம் எடுத்த மறுநாளே அவள் ராஜுலுவைப் பிடித்து, அப்பனைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருந்தாள். “வெளிச்சம் பட்ட பிலிமை மறுபடி வெளுக்க முடியாதும்மா” என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

டெண்டு போட்டுப் படம் காட்டிய அன்றைக்கு ஊரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து சூடம் கொளுத்தியது. சேரிக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் திரைக்குப் பின்பக்கம் ஆற்று மணலில் நின்று, எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிய, பெருமாள் இடக்கையால் சக்கரம் விடுவதைப் பார்த்தார்கள். முன்னால் நின்று கதை சொல்ல வேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திரை ஊமையாக ஓடியது. திடீரென்று பெருமாள் செருமினார்! க்ஹும், க்ஹும். “அதாகப்பட்டது அசுரனே!” என்று திரையிலிருந்தே குரல் வந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பெரிய மிராசுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் தன் குரலைத் தானே கற்றுக்கொண்டுவிட்டது என்றே அவர் நம்பினார். அத்தனை மகிமையுள்ள குரல், கற்றுக்கொள்ளாதா பின்னே? ஊமைத் துணிக்குப் பின்னால் நின்றவள் சடையன் மகள் என்று மறுநாள் தாண்டவன் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, அவளைப் புளியமரத்தில் கட்டி வைக்கச் சொன்னார்.

உச்சி வெயிலில் மரத்தடியில் காவலாளி சொக்கினான். “க்ஹும், க்ஹும். அதாகப்பட்டது, போதும், அவுத்து விடுடா” என்றது மரம். காவலாளி அவசரமாக அவிழ்த்துவிட்டு, இல்லாத மிராசுக்குக் கும்பிடும் போட்டான். (இதுவும் அந்தச் சிரிப்பு இல்லை. ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.)

அதிலிருந்து ஆலங்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆள் இல்லாமல் குரல் மட்டும் கேட்டால், தழைந்து வந்தால் சடையன், செருமி வந்தால் அங்காயி. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்த வருஷம் கலெக்டர் துரை புது ரோட்டைத் திறந்து வைக்க வருகிறார் என்று தாக்கீது வந்தது. ரோடு ஆற்றுப் பாலம் தாண்டிச் சேரியை ஒட்டிப் போயிற்று. குடிசைகளும், உலர்கிற கந்தலும், எலும்பு தெரிகிற பிள்ளைகளும் துரை கண்ணில் படும். விரட்டிவிடலாம் என்றால் அறுவடை நெருங்குகிறது, யார் அறுப்பது? பெரிய மிராசு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே யோசித்தார். தானாக நடந்து வரும் நெற்கட்டு ஞாபகம் வந்தது. ஒரு சடையனே இத்தனை சௌகரியம் என்றால், எல்லாருமே சடையனாகிவிட்டால்? அறுப்பு நடக்கும், ஆள் தெரியாது. நடவு நடக்கும், கை தெரியாது. பிள்ளைகள் அழுதால் கேட்கும்தான், அதற்கு மேளம் வைத்துக்கொள்ளலாம்.

ராஜுலுவுக்கு ஆள் போயிற்று. அவரும் ஓடிவந்தார். பட்டணத்தில் மற்றவர்கள் எடுத்த மாயக் காட்சிகளில் ஆள் மறையும்போது திரை ஒரு குலுங்கு குலுங்கும். ஆலங்கரை அசுரன் மட்டும் குலுங்காமல் மறைந்தான். எப்படி எப்படி என்று எல்லாரும் அவரைத் துளைத்திருந்தார்கள். “இந்தத் தடவை ஒரே சக்கரம், அசுரர் படை மொத்தமும்” என்றார் பெரிய மிராசு. “பிரமாதம்” என்றார் ராஜுலு.

சேரிக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மிராசு வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்ட சடையன் வந்து சொன்னான்: “எல்லாரையும் என்னை மாதிரி ஆக்கப் போறாங்க. மாட்டேன்னு சொன்னா குடிசையைக் கொளுத்துவாங்க. சரின்னு சொன்னா குடிசை இருக்கும், நாம இருக்க மாட்டோம்.” பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். பெற்ற பிள்ளை முகத்தை இனி மழை பெய்தால்தான் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அங்காயி அழவில்லை. “அழுவாதீங்க. பாக்கக் கத்துக்குங்க” என்றாள். பெரிய மிராசைத் துளைத்து அவருக்குப் பின்னாலிருக்கும் தூணைப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். லேசான வித்தையில்லை அது. தலைமுறை தலைமுறையாக அவர் வரும் திசையை முதுகாலேயே உணர்ந்து ஒதுங்கிய ஜனம். ஒரு பனைமரத்துக்குத் துண்டு கட்டி மிராசாக நிறுத்தி, அது இல்லவே இல்லை என்று மனசுக்குப் படும்வரை பார்த்தார்கள். பழகப் பழகத்தான் புரிந்தது, இது எத்தனை சுலபம் என்று. ஊர் ஏன் இதை விடாமல் செய்துவந்தது என்றும்.

படப்பிடிப்பு நாள். கரி பூசி, கொம்பு வைத்து, கிழவர் முதல் இடுப்புக் குழந்தை வரை சேரியே மண்டபத்தில் அசுரர் படையாக நின்றது. எதிரே பெரிய மிராசு, போன வருஷத்தைவிடப் பெரிய கிரீடத்தோடு, ஜிகினாத் தாள் ஒட்டிய பலகைகள் வெயிலை அவர் மேல் வாரியடிக்க, வெள்ளை முகமும் வெள்ளைக் கையுமாக ஜொலித்தார். பக்கத்தில் லட்சுமி, மழித்த இடத்தைச் சொறிந்துகொண்டு. ஜமக்காளத்தில் மிராசின் மனைவி தையல்நாயகி, தம்பி சோமநாதம், ஊர்ப் பெரியவர்கள். சக்கரம் பறந்தது. ராஜுலு நிறுத்தினார். “யாரும் அசையாதீங்க!”

பட்டர் குரல் எழுந்தது: “சுதர்சனம்னா ஆயிரம் சூரியன்! கண்ணைத் திறந்து வச்சிண்டா குருடாயிடும். எல்லாரும் கண்ணை மூடிண்டு நாராயணா நாராயணான்னு சொல்லுங்கோ!”

பட்டர் வாயையே திறக்கவில்லை. ஆனால் தன் குரலைக் கேட்டதும், இத்தனை நல்ல யோசனை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவர் முதலில் கண்ணை மூடினார். தையல்நாயகி மூடினாள். தாண்டவன் மூடினான். ராஜுலு கறுப்புத் துணிக்குள்ளேயே மூடினார், கண் போனால் தொழில் போச்சே! பெரிய மிராசும் அறிதுயில் பாவத்தில் மூடிக்கொண்டார். அப்போது, ‘நாராயணா நாராயணா’ என்ற இரைச்சலுக்கு மேலே, அவர் காதில் அவர் குரலே விழுந்தது.

“க்ஹும், க்ஹும். அதாகப்பட்டது, எதிரே ஒருத்தருமில்ல, சுத்துய்யா!”

சொன்னோமா என்று ஒரு கணம் நினைத்தார். சொல்லியிருப்போம் என்று முடிவு செய்தார். மனசில் நினைத்திருந்ததை அப்படியே, மனசில் நினைத்த அதே கம்பீரத்தோடு வேறு யார் சொல்ல முடியும்? ராஜுலு சுற்றினார். மண்டபத்தில் திறந்திருந்த கண்கள் சேரியின் கண்கள் மட்டும்தான். கரி பூசிய முகங்களிலிருந்து அவை, இடுப்புக் குழந்தையின் கண்கள் உட்பட, பெரிய மிராசைத் துளைத்து அவருக்குப் பின்னாலிருந்த தூணைப் பார்த்தன. பார்த்து முடித்ததும், பெட்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் வெளியே நடந்தார்கள். எந்தப் பக்கமாகப் போவது என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் சன்னதித் தெருவில் இறங்கினார்கள், பாதிப் பேர் குளத்தில் இறங்கி நீந்தினார்கள், கிழவிகள் ஜமக்காளத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டு மூடிய கண்களுக்கு நடுவே போனார்கள். அந்தச் சுருளை ராஜுலு பின்னால் கழுவிப் பார்த்தார். பெருமாள் இல்லாத மண்டபத்தில் ஒரு சக்கரம் தரையில் கிடக்க, அசுரர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

பெரிய மிராசு கண் திறந்தார். எதிரே ஒருத்தருமில்லை! கல்படியில் ஈரக் கால்தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன, அவர் அதைப் பார்க்கிற வழக்கமில்லை. ரோடு சுத்தம், ஊர் சுத்தம், கலெக்டர் துரை வரலாம். நெஞ்சு நிமிர்ந்தது. மெல்லக் கண் திறந்து விழித்துக்கொண்டிருந்த ஜனங்களை நோக்கிக் கையைத் தூக்கி,

“க்ஹும், க்ஹும். அதாகப்பட்டது, பாத்தீங்களா! முடிஞ்சுது!” என்றார்.

ஜனங்கள் மண்டபத்தைப் பார்த்தார்கள். லட்சுமி மட்டும் நின்றாள். முதலில் லட்சுமிதான் ஆரம்பித்தது. “அடிப் பாதகத்தி! மறைஞ்சும் விடமாட்டேங்கிறாளே! அப்படியே எசமான்!”

“யாருடா பாதகத்தி? டேய் தாண்டவா! நான்டா!”

“ஐயோ, ‘நான்டா’வாம்! அந்த இழுப்பைப் பாரு, அந்த இழுப்பை!” என்று தாண்டவன் புடவை அவிழ உட்கார்ந்தான். பட்டர் குடுமி ஆடியது. தையல்நாயகி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கட்டிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் குலுங்கியது. பெரிய மிராசு காலை உதைத்தார், பல்லைக் கடித்தார், பரம்பரையைச் சொல்லித் திட்டினார். ஒவ்வொரு திட்டுக்கும் சிரிப்பு ஒரு படி ஏறியது. “இன்னொரு தடவை செருமு புள்ள, இன்னொரே தடவை!” என்று கூட்டம் கெஞ்சியது. பல் போனவர்கள் ஈறு தெரிய, பிள்ளைத்தாய்ச்சிகள் தூணைப் பிடித்துக்கொண்டு. ஆமாம், இதுதான். சொன்னேனே வரும் என்று.

சரி, சிரித்தது போதும்.

தன் நடிப்பில் ஜனங்களுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, சக்கரத்தின் ஒளியில் கண்ணும் கொஞ்சம் மங்கிவிட்டது என்று பெரிய மிராசு தீர்மானித்தார். பட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “எசமான் எங்கே?” என்றார். தேடினார்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் தேடினார்கள். கடைசியில் பட்டர் தரையில் கிடந்த அட்டைச் சக்கரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சக்கரம் விட்ட கையோட வைகுண்டம் போயிட்டார். இப்பேர்ப்பட்ட பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!” என்றார். அதற்கும் யாரும் பதறவில்லை. பெருமாளாக நின்றவர் பெருமாளிடம் போனது முறைதானே. வெள்ளித் தாம்பாளத்தில் சக்கரத்தை வைத்து, மேளத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பின்னால் பெரிய மிராசு கிரீடத்தோடு நடந்தார். ‘வைகுண்டம்’ ‘பாக்கியம்’ என்று காதில் விழுந்ததையெல்லாம் நடிப்புக்கு வந்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வழியில் ஒருவன் தோளில் இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். நாளைக்கு அவனைக் கவனித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அவருடைய ஊஞ்சலில் தம்பி சோமநாதம் உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் எதிரில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. தாண்டவன் புடவையை மாற்றிக்கொண்டு இடுப்பில் துண்டோடு வந்து நின்றான்.

“சின்ன எசமான், சேரியாளுங்க வாய்க்கால் மதகில நின்னு கரி கழுவிக்கிட்டிருக்காங்க. கண்ணால பாத்தேன்.”

“மறைஞ்சாச்சுன்னு ஊரே முடிவு பண்ணின அப்புறம் எப்படிடா இருப்பாங்க?” என்றார் தம்பி, ஊஞ்சலை ஒரு உந்து உந்தி. “கண்ணில பட்டா பாக்காதே. இத்தனை நாளா பெட்டி வச்சுச் சுத்தியா பாக்காம இருந்தோம்? விடிஞ்சதும் அறுப்புக்குக் கூப்பிடு. துரை வர்றப்ப மேளத்தைக் கொஞ்சம் பலமா வாசிக்கச் சொல்லு.”

பெரிய மிராசின் கால் நின்றது. சேரி மறையவில்லையா? மறையவில்லை என்றால் மண்டபத்தில்...

“டேய் சோமு!” என்று கத்தினார். “எந்திரிடா என் ஊஞ்சல்ல இருந்து!”

உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் வெடித்தது. இப்போது அதில் சிரிப்பில்லை. “போனவர் குரல்ல வீட்டுக்குள்ளயே வந்து பேசுறாளே! யாராவது அந்தப் பொண்ணைப் பிடிச்சு வாயில சூடு போடுங்களேன்!” வேலைக்காரன் விளக்குமாற்றை எடுத்துக் குரல் வந்த திசையில் விளாசினான். ஒன்று கிரீடத்தில் விழுந்தது, ஒன்று தோளில். “தையலு, நான்டி!” என்றார் அவர். அடி இன்னும் பலமாக விழுந்தது. கூடத்தைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டிக் கொல்லைக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொல்லை வழியாக.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்சட்டியில் பழைய சோறு தின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் கரி. காய்ந்து வெடித்துப் பொருக்குத் தட்டிய ஒரு வருஷத்துக் கரி. தலையில் பனமட்டைக் கொம்பு ஒரு பக்கம் முறிந்து தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. வலது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்ததா என்று பெரிய மிராசுக்குத் தெரியவில்லை.

“சடையா” என்றார். குரல் செருமாமலே வந்தது. “டேய், நீ தெரியறியேடா.”

சடையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். துளைத்துப் பார்க்கவில்லை. கிரீடத்தைப் பார்த்தான், கச்சையைப் பார்த்தான், வெள்ளை பூசிய முகத்தில் வேர்வை வழிகிற வழியைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“ஒங்களுக்குமா ஆண்டே?” என்றான்.

கிணற்றடியில் விளக்குமாற்றோடு வேலைக்காரன் நின்று கொல்லை முழுவதையும் பார்த்துவிட்டு, “ஒருத்தருமில்ல!” என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். பெரிய மிராசு வீட்டுப் பக்கம் திரும்பினார். ஆற்றுப் பக்கம் திரும்பினார். தெருப் பக்கம் போகிற சந்தைப் பார்த்தார், மறுபடி வீட்டைப் பார்த்தார். அட்டைக் கிரீடம் நழுவிக் காதில் மாட்டிக்கொண்டது.

சடையன் சோற்றை ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, நிதானமாக மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்:

“எந்தப் பக்கமாப் போறதுன்னு பாக்குறீங்களா?”